கோட்டை போயிற்று, வீடு நிற்கிறது!

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகும் சாலையில் தியாகதுருகம் என்ற ஊர் இருக்கிறது. ஊரை ஒட்டி ஒரு குன்று. குன்றின்மேல் ஒரு பாழடைந்த கோட்டை. மேற்கே திரும்பிப் பார்த்தால் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும்.

சுமார் 260 ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கோட்டைக்காக இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் சண்டை போட்டார்கள். மலைமேல் பிரெஞ்சுப் படை. மலையடியில் இங்கிலீஷ் படை. பல வாரங்கள் பீரங்கிகள் முழங்கின. 1761-ம் ஆண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் படை சரண் அடைந்தது.

அவர்கள் சரண் அடைந்ததற்குக் காரணம் உண்டு. உதவிக்கு ஆள் அனுப்பத் தலைநகரமே இல்லை. கிழக்கே, கடற்கரையில், புதுச்சேரி அதற்குள் விழுந்துவிட்டது!

புதுச்சேரியைப் பிடித்த இங்கிலீஷ்காரர்கள் அந்த நகரத்தை விட்டுவைக்கவில்லை. கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். கவர்னர் வாழ்ந்த அழகிய மாளிகையை இடித்தார்கள். வெள்ளைக்காரர்களின் வீடுகள் இருந்த பகுதி செங்கல் குவியல் ஆயிற்று.

ஆனால் தமிழர்கள் வாழ்ந்த பகுதியில் ஒரு வீடு தப்பியது. பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சி போய், மறுபடி வந்து, அதுவும் போய்விட்டது. அந்த வீடு மட்டும் நிற்கிறது. பாதுகாக்கவேண்டிய பழைய கட்டடங்களில் ஒன்றாக இன்று அது மதிக்கப்படுகிறது.

அந்த வீட்டைக் கட்டியவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை.

பெரம்பூர் பையன்

ஆனந்தரங்கப் பிள்ளை பிறந்த ஊர் புதுச்சேரி அல்ல. சென்னைக்குப் பக்கத்தில் இருந்த பெரம்பூர். பிறந்த நாள் 1709-ம் ஆண்டு மார்ச் 30. தந்தை திருவேங்கடம் பிள்ளை ஒரு வியாபாரி. அவர் சென்னையை விட்டுப் புதுச்சேரிக்குக் குடிபோனார். பையனும் கூடவே போனான்.

அங்கே அவர்களுக்கு ஒரு பெரிய உறவினர் இருந்தார். அவர் பெயர் நயினியப்ப பிள்ளை. திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனர். பிரெஞ்சுக் கம்பெனியில் அவர் துபாஷ் உத்தியோகம் பார்த்தார்.

துபாஷ் என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர் என்று பொருள். ஆனால் வேலை பேச்சை மொழிபெயர்ப்பதோடு முடிந்துவிடாது. கப்பலில் வரும் சரக்கை விற்பதும், நெசவாளர்களிடம் துணி வாங்குவதும், நவாபுகளின் தூதர்களை வரவேற்பதும், தமிழர்களின் வழக்குகளைத் துரைக்கு எடுத்துச் சொல்வதும் எல்லாம் துபாஷின் கையில். வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் தெரியாது. ஜனங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. நடுவில் நின்றவருக்குத்தான் இரண்டு பக்கத்து ரகசியமும் தெரியும்.

நடுவில் நிற்பதில் லாபம் உண்டு. ஆபத்தும் உண்டு. அதை அந்தக் குடும்பம் சீக்கிரமே தெரிந்துகொண்டது.

1716-ம் ஆண்டு எபேர் என்ற கவர்னர் நயினியப்ப பிள்ளையைத் திடீரென்று கைது செய்தார். அவருக்குச் சவுக்கடி, சிறை, சொத்துப் பறிமுதல் என்று தண்டனை விதிக்கப்பட்டது. நேற்று வரை பல்லக்கில் போனவர் சிறையில் கிடந்தார். மறு ஆண்டு சிறையிலேயே இறந்துபோனார். மைத்துனரான திருவேங்கடம் பிள்ளையும் அந்தத் தொல்லையிலிருந்து தப்பவில்லை.

நயினியப்பரின் மகன் குருவப்ப பிள்ளை சும்மா இருக்கவில்லை. கப்பல் ஏறிப் பிரான்சுக்கே போனார்! பாரிஸ் நகரத்தில் நியாயம் கேட்டார். தகப்பனார்மேல் விதித்த தண்டனை தவறு என்று ஏற்கப்பட்டது. குருவப்பர் அங்கே கிறிஸ்தவராகி, செவாலியர் பட்டமும் பெற்றுத் திரும்பினார். அந்தக் காலத்தில் ஒரு தமிழர் அவ்வளவு தூரம் போய் வழக்கில் ஜெயித்து வந்தது சாதாரணக் காரியமா? ஆனால் அவரும் நெடுநாள் வாழவில்லை. 1724-ல் காலமானார். இரண்டு ஆண்டுகளில் திருவேங்கடம் பிள்ளையும் காலமானார்.

அப்போது ஆனந்தரங்கருக்கு வயது 17.

பாக்கும் துணியும்

தகப்பனார் விட்டுச் சென்ற பாக்கு வியாபாரத்தை இளைஞர் தொடர்ந்து நடத்தினார். கவர்னராக இருந்த லெனுவார் அவருடைய சுறுசுறுப்பைக் கவனித்தார். பரங்கிப்பேட்டையில் இருந்த துணிப் பண்டகசாலையை அவர் பொறுப்பில் விட்டார். அந்த இடம் சாயத் துணிக்குப் பேர்போனது.

ஆனந்தரங்கர் சொந்தப் பணத்தையும் போட்டார். லாலாப்பேட்டையிலும் ஆர்க்காட்டிலும் வியாபார நிலையங்கள் திறந்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்குகளை அங்கே அனுப்புவார். பதிலுக்குத் துணி வாங்கிப் புதுச்சேரிக்குக் கொண்டுவருவார். பிறகு சொந்தமாகக் கப்பலே வைத்துக்கொண்டார். அந்தக் கப்பலுக்கு ஆனந்தப்புரவி என்று பெயர். கடலில் ஓடும் குதிரை! தமிழர் வைத்த பெயர்களில் இதைவிட அழகான பெயர் குறைவு.

செங்கல்பட்டைச் சேர்ந்த மங்கத்தாயம்மாளை மணந்தார். செல்வம் சேர்ந்தது. வீடு கட்ட ஆரம்பித்தார்.

மாடியில் ஒரு தேசம், கீழே ஒரு தேசம்

அந்த வீடு 1730-களில் எழும்பியது. பெரிய கடைத்தெருவுக்குப் பக்கத்தில், தமிழர் பகுதியில். இன்று அந்தத் தெருவுக்கே அவருடைய பெயர்தான்.

தெருவிலிருந்து உள்ளே நுழைந்தால் நடுவில் முற்றம். வானம் தெரியும் முற்றம். மழையும் வெயிலும் காற்றும் நேரே உள்ளே வரும். முற்றத்தைச் சுற்றிலும் மரத் தூண்கள். தூண்களிலும் போதிகைகளிலும் தச்சர்களின் சிற்ப வேலை. நம் நாட்டுப் பழைய மிராசுதார் வீடுகளுக்குள் நுழைந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. கல்யாணம், பந்தி, வழக்குப் பேச்சு எல்லாம் நடக்கும் இடம்.

நிமிர்ந்து பார்த்தால்தான் வியப்பு. மாடியில் மரத் தூண் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய வெள்ளைத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அவை பிரெஞ்சுக்காரர்களின் பாணி. கவர்னர் மாளிகையில் பார்த்ததைப்போன்ற தூண்கள்! கீழே தமிழ் வீடு. அதன் தலைமேல் பிரெஞ்சு வீடு.

அதைக் கட்டிய கொத்தனார்களும் தச்சர்களும் உள்ளூர்க்காரர்கள்தான். அந்தக் காலத்துக் கட்டட வேலை இப்போதையதுபோல அவசர வேலை அல்ல. சிமெண்டு கிடையாது. கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பார்கள். மணலோடு சேர்த்து நாள்கணக்கில் அரைப்பார்கள். வெல்லமும் கடுக்காயும் ஊறவைத்த தண்ணீரை அதில் சேர்ப்பார்கள். கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக் கருவையும் சேர்ப்பது உண்டு. தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினால் சுவர் பளிங்குபோல மின்னும்.

மாடித் தளம் போடுவதும் தனி வித்தை. மர உத்தரங்களை நெருக்கமாக வைப்பார்கள். அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லி போட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டுவார்கள். தட்டத் தட்ட இறுகும். இதைத்தான் மெட்ராஸ் தளம் என்பார்கள். நன்றாகப் போட்ட தளம் தலைமுறைகளைத் தாங்கும். வெயில் காலத்தில் கீழே குளிர்ச்சியாகவும் இருக்கும்.

இப்படிப்பட்ட வீட்டை ஏன் இரண்டு பாணியில் கட்டினார்? துரைமார்கள் பார்த்து மெச்சவேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம் இருந்திருக்கும். ஆனால் அவருடைய வாழ்க்கையே அப்படித்தான் இருந்தது. வீட்டில் பூஜை, பஞ்சாங்கம், ஜாதகம், சகுனம். வெளியே பிரெஞ்சுப் பேச்சு, கப்பல் கணக்கு, கவர்னர் தர்பார்.

யாருக்கும் தெரியாத புத்தகம்

இந்த வீட்டில் தூண்களைவிடப் பெரிய பொருள் ஒன்று இருந்தது. அது ஒரு கணக்குப் புத்தகம்.

1736-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி ஆனந்தரங்கர் அதில் எழுத ஆரம்பித்தார். அன்றைய சங்கதியை அன்றே எழுதுவது வழக்கம் ஆயிற்று. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. சுமார் 25 ஆண்டுகள்!

என்ன எழுதினார்? எத்தனை மணிக்கு எந்தக் கப்பல் வந்தது, கோட்டையில் எத்தனை பீரங்கி போட்டார்கள், கவர்னர் முகம் எப்படி இருந்தது, யார் யாரைப்பற்றிக் கோள் சொன்னார்கள், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வந்தார்கள், சந்தையில் என்ன நிலவரம், புயலில் எத்தனை மரங்கள் விழுந்தன என்று எல்லாம். ஏழை ஜனங்களை ஆசை காட்டிப் பிடித்துக்கொண்டுபோய், அடிமைகளாகக் கப்பல் ஏற்றிய கொடுமையும் அதில் உண்டு.

அவர் எழுதிய தமிழ் புலவர்களின் தமிழ் அல்ல. வீட்டிலும் கடையிலும் பேசிய தமிழ். போர்த்துகீசியச் சொல், பிரெஞ்சுச் சொல், பாரசீகச் சொல் எல்லாம் கலந்து வரும். பண்டிதர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்தக் காலத்து ஜனங்கள் எப்படிப் பேசினார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள அதைப்போன்ற சாட்சி வேறு எங்கே கிடைக்கும்?

ராஜாக்கள் காலத்தில் கல்வெட்டு வெட்டினார்கள். புலவர்கள் காவியம் பாடினார்கள். ஒரு வியாபாரி தன் நாளை உள்ளபடி எழுதிவைத்தது நம் நாட்டில் அபூர்வம்.

நயினியப்பருக்கு நேர்ந்த கதியைச் சிறுவயதில் பார்த்தவர் அவர். கவர்னர் மனம் மாறினால் துபாஷுக்குச் சாட்சி யார்? எழுத்துதான் சாட்சி. இந்த நினைவும் அவர் கையில் பேனாவைக் கொடுத்திருக்கக்கூடும்.

பெரிய துபாஷ்

1742-ல் டூப்ளே கவர்னர் ஆனார். அவருக்கு வியாபாரம் மட்டும் போதவில்லை. நாட்டையே ஆளவேண்டும் என்ற ஆசை. அவருக்கு ஆனந்தரங்கரைப் பிடித்துப்போயிற்று. நாட்டு நிலவரம் தெரிந்த ஆள், நவாபுகளின் வழக்கம் தெரிந்த ஆள். அடிக்கடி அழைத்து மணிக்கணக்கில் பேசினார்.

அப்போது பெரிய துபாஷாக இருந்தவர் கனகராய முதலியார். கிறிஸ்தவர். 1746-ல் அவர் காலமானார். அந்த இடம் யாருக்கு? ஊரெல்லாம் இதே பேச்சு.

கவர்னருக்கு ஆனந்தரங்கர்மேல் விருப்பம். பாதிரிமார்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு கிறிஸ்தவருக்கே அந்தப் பதவி போகவேண்டும் என்றார்கள். கவர்னரின் மனைவியும் அவர்கள் பக்கம். அந்த அம்மாளுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஜான் பேகம் என்று பெயர். சண்டைக் காலத்தில் ஒற்றர்களை வைத்து வேலை வாங்கிய கெட்டிக்காரி. கவர்னரைச் சுற்றி நடப்பதில் தன் கைதான் ஓங்கவேண்டும் என்று நினைத்தவர். இருவருக்கும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை.

இழுபறிக்குப் பிறகு 1747-ல் பதவி ஆனந்தரங்கருக்கே வந்தது. பல்லக்கில் ஏறி, மேளதாளத்தோடு, தங்கப் பூண் போட்ட கைத்தடியோடு கவர்னர் மாளிகைக்குள் போகலாம். காலில் ஜோடு போட்டுக்கொண்டே உள்ளே நுழையலாம். தமிழர்களில் வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாது. முஸபர் ஜங் அவருக்கு 3000 குதிரைகளுக்கு உரிய மன்சப் பட்டமும், செங்கல்பட்டுக் கோட்டையின் ஜாகீரும் கொடுத்தார். புலவர்கள் தேடி வந்து பாடிப் பரிசு பெற்றார்கள். 1752-ல் சமஸ்கிருதத்தில் அவர்பேரில் ஒரு காவியமே எழுதப்பட்டது.

புகழ்ச்சி அவருக்குப் பிடிக்கும். மற்றவர்கள் தம்மைப் புகழ்ந்ததை எல்லாம் நாட்குறிப்பில் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார். ஜாதிப் பெருமையும் உண்டு. வேண்டாதவர்களைப்பற்றி எழுதும்போது பேனாவில் மிளகாய் தடவியது போல இருக்கும். குறைகளை மறைக்காத மனிதர். அவரைக் குறைகளோடு நாம் இன்று அறிவதே அவர் எழுதியதால்தான்.

கோயில் இடிந்த நாள்

1748-ல் இங்கிலீஷ்காரர்கள் பெரிய கப்பல் படையோடு வந்து புதுச்சேரியை முற்றுகை இட்டார்கள். வெளியே பகைவரின் குண்டு. அந்த நேரத்தில் உள்ளே ஒரு கொடுமை நடந்தது.

சம்பா கோயில் என்று ஜனங்கள் சொல்லும் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. அதை அப்புறப்படுத்தவேண்டும் என்று பாதிரிமார்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தார்கள். முன்பு இருந்த கவர்னர்கள் ஜனங்களின் எதிர்ப்பைப் பார்த்துத் தயங்கினார்கள். முற்றுகைக் குழப்பத்தில் டூப்ளே உத்தரவு கொடுத்துவிட்டார். செப்டம்பர் மாதம் கோயில் இடிக்கப்பட்டது.

ஜனங்கள் பெரிய துபாஷின் வீட்டு வாசலுக்கு ஓடிவந்தார்கள். அவருடைய சொல் கவர்னரிடம் எடுபடும் என்று நம்பினார்கள். ஆனால் அவரால் தடுக்க முடியவில்லை. உத்தரவு கோட்டையிலிருந்து வந்துவிட்டது. தங்கப் பூண் தடி, பல்லக்கு, மேளம் எல்லாம் இருந்தன. கோயிலைக் காப்பாற்றும் பலம் அவற்றுக்கு இல்லை!

மனம் நொந்து அந்த நாட்களை அவர் விவரமாக எழுதினார். கவர்னர், கவர்னரின் மனைவி, பாதிரிமார்கள், தம் ஜனங்கள் எல்லாரையும் அதில் குறைகூறினார். உத்தியோகத்தை மட்டும் விடவில்லை. விட்டிருக்கவேண்டும் என்று சிலர் சொல்லலாம். விட்டிருந்தால் அந்த இடத்துக்கு வருபவர் யார் என்பதும் அவருக்குத் தெரியும். பிற்காலத்தில் கோயில் வேறு இடத்தில் புதிதாகக் கட்டப்பட்டது.

முற்றுகை தோற்றது. மழைக் காலம் வந்ததும் இங்கிலீஷ் படை திரும்பிப் போயிற்று. டூப்ளேயின் புகழ் உச்சிக்கு ஏறியது. ஏறியது எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் இறங்கியது. சண்டைகளால் பணம் கரைந்தது. 1754-ல் பிரான்சு அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. பாரிசில் வறுமையில் வாடி 1763-ல் இறந்தார்.

கடைசிப் பக்கம்

டூப்ளே போனபின் ஆனந்தரங்கரின் நிலையும் தளர்ந்தது. உடல்நலம் கெட்டது. புதிய அதிகாரிகளுக்கு அவர் வேண்டாதவர் ஆனார். 1756-ல் பெரிய துபாஷ் பதவி போயிற்று.

1758-ல் லாலி என்ற தளபதி பிரான்சிலிருந்து வந்தார். வீரம் உள்ளவர். முன்கோபம் அதைவிட அதிகம். 1760-ல் வந்தவாசியில் தோற்றார். இங்கிலீஷ் தளபதி ஐர் கூட் புதுச்சேரியைச் சுற்றி வளைத்தார். கடலிலும் கப்பல்கள். வெளியே இருந்து ஒரு மூட்டை அரிசிகூட உள்ளே வர வழி இல்லை.

உணவு குறைந்ததும் லாலி தமிழ் ஜனங்களை நகரத்தைவிட்டு வெளியே துரத்தினார். வெளியே இருந்த இங்கிலீஷ் படையும் அவர்களைப் போகவிடவில்லை. ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் இரண்டு படைகளுக்கும் நடுவில் பல நாட்கள் பட்டினி கிடந்தார்கள். பிறகுதான் வழி கிடைத்தது. உள்ளே இருந்தவர்கள் குதிரை, ஒட்டகம், யானை மாமிசம் வரை தின்றார்கள்.

1761-ம் ஆண்டு பிறந்த நாளில் பெரும் புயல் அடித்தது. இங்கிலீஷ் கப்பல்கள் பல மூழ்கின. ஆனாலும் மிச்சம் இருந்த கப்பல்களைக் கொண்டு முற்றுகை தொடர்ந்தது. ஜனவரி 16-ந் தேதி இங்கிலீஷ் படை நகரத்துக்குள் நுழைந்தது.

அதைப் பார்க்க ஆனந்தரங்கர் இல்லை. அதற்குச் சில நாட்கள் முன்பு அவர் கண் மூடிவிட்டார். வயது 51. கை நடுங்கும் காலத்திலும் நாட்குறிப்பு நிற்கவில்லை. தம்மால் எழுத முடியாதபோது பிறரைக் கொண்டு எழுதச் செய்தார்.

பிறகு என்ன ஆயிற்று? லாலியைப் பிரான்சில் துரோகி என்று விசாரித்து 1766-ல் தலையை வெட்டினார்கள். ஆனந்தரங்கரின் புத்தகங்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்தன. 85 ஆண்டுகள் கழித்து, 1846-ல், கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி அவற்றைக் கண்டு, பிரதி எடுக்கச் செய்தார். அதற்குள் சில பகுதிகள் காணாமல் போய்விட்டன. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை அவற்றை இங்கிலீஷில் 12 புத்தகங்களாக வெளியிட்டது. தமிழில் எழுதியது தமிழில் அச்சாக 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! பின்னாளில் எழுத்தாளர் பிரபஞ்சன் அந்தக் காலத்தை வைத்து நாவல்கள் எழுதினார். அவற்றில் ஒன்றான வானம் வசப்படும் 1995-ல் சாகித்திய அகாடமி பரிசு பெற்றது.

1765-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குத் திரும்பி வந்தார்கள். இடிந்த தெருக்களை மறுபடி அளந்து, புதிதாகக் கட்ட ஆரம்பித்தார்கள். இன்று கடற்கரைப் பக்கம் காணும் பிரெஞ்சு வீடுகள் எல்லாம் அதற்குப் பிறகு எழும்பியவை. பிள்ளையவர்களின் வீடு அவற்றுக்கு மூத்தது. ஆனந்தரங்கருடைய தம்பியின் மகன் திருவேங்கடம் பிள்ளை, பெரியப்பாவைப் போலவே, நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.